மலையம்மாள் கை நனைத்த கதை

தேனிப் பக்கத்துக் கூடலூர் மலையம்மாளின் மூக்கைப் பற்றி ஊரில் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும், மீதியையும் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். குமுளியில் ஒரு டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தால், மலைக்குக் கீழே லோயர் கேம்பில் பஸ்ஸுக்கு நிற்கிற மலையம்மாள், "எவனோ பாலைக் கவனிக்காம விட்டுட்டான்" என்பாள். ஒருமுறை அவள் தெருவில் ஒரு சேவல் காணாமல் போனது. பறிகொடுத்தவள் அழுதுகொண்டு வந்தாள். மலையம்மாள் வாசலில் நின்று காற்றை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "குழம்புல மிளகைக் கூடுதலாப் போட்டுட்டாக" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தெருவில் மிளகைக் கூடுதலாகப் போடுகிற வீடு ஒன்றே ஒன்று. பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டிலிருந்து சேவலுக்குச் சேவல் வந்துவிட்டது.

அவள் பிழைப்பும் மூக்கை வைத்துத்தான். மலைக்கு மேலே, கேரளப் பக்கத்தில், ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை. மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, இது கிழக்குச் சரிவுக் காயா, மேற்குச் சரிவுக் காயா, உலர்த்துகிற புகையறையில் எரிந்தது பலா விறகா வேறு விறகா என்று சொல்லிவிடுவாள். தினமும் காலையில் எட்டுப் பேர் உட்காருகிற ஜீப்பில் பதினெட்டுப் பேரில் ஒருத்தியாக மலையேறுவாள். அந்தப் பதினெட்டுப் பேரும் முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நாகரிகம் கருதிச் சொல்லமாட்டாள்.

இப்படிப் பள்ளத்தாக்கில் உள்ள வாசத்தையெல்லாம் பேர் சொல்லி அழைக்கத் தெரிந்தவளுக்கு, இரண்டாயிரத்தெட்டாம் வருடம் சித்திரையில் பேர் தெரியாத வாசம் ஒன்று வந்து சேர்ந்தது.

குமுளியில், தேக்கடிக்குத் திரும்புகிற ரோட்டில், கொரியாக்கார அம்மா ஒருத்தி சாப்பாட்டுக் கடை திறந்திருந்தாள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே பூசணிக்காய் அளவில் காகித விளக்குகள். யானை பார்க்க வந்த வெள்ளைக்காரர்களும், தேனியிலிருந்து பைக்கில் வருகிற காலேஜ் பிள்ளைகளும் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, செல்போனில் தட்டைப் போட்டோ எடுத்து வந்து காட்டுவதுதான் அப்போது பெரிய கெத்து. கண்ணாடிக் கதவு திறந்து மூடுகிற நேரத்தில் ஒரு வாசம் வெளியே நழுவி, ஓடுகிற ஜீப்புக்குள் ஏறி, மலையம்மாளின் மூக்கில் உட்காரும்.

பூண்டு தெரிந்தது. இஞ்சி தெரிந்தது. நல்லெண்ணெய் தெரிந்தது. அதற்கடியில் ஒரு புளிப்பு. புளியும் இல்லை, மோரும் இல்லை, பழைய சோற்றுத் தண்ணீரும் இல்லை. அதற்கும் அடியில், கடலை ஒருதரம் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஏதோ ஒன்று. ஜீப் வளைவில் திரும்பியதும் வாசம் அறுந்துபோகும். ஆறு மாதமாக அவளுக்கு இதே நினைப்பு. ஸ்டோரில் முதல்தரக் காயை மூன்றாம் தரத்தில் போட்டுவிட்டு, மேஸ்திரியிடம் முதல்முறையாகப் பேச்சு வாங்கினாள்.

ஐப்பசியில் அவள் மகள் நதியாவுக்கு வரன் வந்தது. நதியாவுக்கு இருபத்துமூன்று. கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப் சொல்லிக்கொடுக்கிறாள். மாப்பிள்ளை தேவதானப்பட்டி. பேர் சூரியபிரகாஷ். கேட்டரிங் படித்து, சென்னையில் கார் கம்பெனிக்காரர்கள் வந்து சாப்பிடுகிற ஒரு கொரியாக் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தவன்.

"இப்பம் எங்கன இருக்காரு?" என்று மலையம்மாள் கேட்டாள்.

"பக்கத்துலதான். குமுளியில ஒரு கண்ணாடிக் கடை. அங்கன இவருதான் தலைமைச் சமையல்" என்றார் தரகர்.

மலையம்மாள் மூச்சை ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தாள். மகளின் நல்ல காலத்தை நினைத்துத்தான் என்று தரகர் எண்ணிக்கொண்டார்.

பெண் பார்க்க வந்தார்கள், காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பதிலுக்கு இவர்களும் தேவதானப்பட்டி வீட்டைப் பார்த்துவிட்டு, வாசலோடு திரும்பினார்கள். வீட்டைப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. பையன்தான் வீட்டிலேயே இருப்பதில்லையே. அவன் வேலை செய்கிற இடத்தைப் பார்த்தால்தான் ஆளைப் பார்த்த மாதிரி என்று முடிவானது. நதியா பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நீ போயிப் பாத்துட்டு வாம்மா" என்றாள்.

துணைக்குப் போனவர் மலையம்மாளின் அண்ணன் ராஜபாண்டி. லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை. தாய்மாமன் என்கிற முறையில் பெண்ணுக்கு என்னென்ன செய்யவேண்டும், என்னென்ன செய்யக்கூடாது என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர்.

"மலையா, ஒன்னே ஒன்னு. கையை நனைச்சுராத."

பேச்சு முடிகிறதுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், அங்கே சம்மதம் சொல்லிவிட்டதாக அர்த்தம். பிறகு பின்வாங்க முடியாது. இது மலையம்மாளுக்குத் தெரியாதா?

"அது கடைதானண்ணே, வீடா?"

"அவன் கையால ஆக்குனதைத் தின்னா அவன் வீட்டுல தின்ன மாதிரிதான்."

"காசு குடுத்தாலும்?"

"காசு குடுத்தாலும்."

அவர் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால், இவர்களுடைய அப்பா கருத்தக்கண்ணன், மலையம்மாளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பண்ணைப்புரம் போனார். பஸ் தவறிப்போய் வெயிலில் நடந்தே போனார். போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. அந்த வீட்டுக் கறிக்குழம்பு அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. ஒரு வாய்தானே என்று உட்கார்ந்தார். மூன்றாவது தரம் சோறு வாங்கும்போது நாள் குறித்தாகிவிட்டது. பதினேழு வயது மலையம்மாளிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை மொக்கைச்சாமி நல்ல மனுஷன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் பதினேழு வருடத்தில் தட்டைப் பார்த்து "இது என்ன?" என்று ஒருதரம் கேட்டதில்லை. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் மலையம்மாள் ரசத்தில் வசம்பைத் தட்டிப் போட்டாள். கைக்குழந்தையின் நாக்கில் தடவினால் நாலு வீட்டுக்குக் கேட்க அழுமே, அந்த வசம்பை. மனுஷன் இரண்டு தரம் ஊற்றிக் குடித்துவிட்டு, பாயை உதறிப் போட்டுத் தூங்கினார். அன்றைக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுததை யாரிடமும் சொன்னதில்லை. அவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது.

அதனால் அந்தச் சனிக்கிழமை பகல் குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, மலையம்மாள் தன் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

கதவைத் திறந்ததும் ஆறு மாதத்து வாசம் மொத்தமும் ஒரே அடியாக வந்து மோதியது. வேறொருத்தியாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். இவள் கண்ணை மூடி நின்றாள்.

கொரியாக்கார அம்மா இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள். ராஜபாண்டியும் வளைந்து கும்பிட்டார். மரியாதைக்காக அவள் மறுபடி வளைந்தாள். இவர் விடுவாரா? இப்படிப் பதினொரு தரம் ஆனதும், மலையம்மாள்தான் அண்ணனின் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிற இடம். முன்னால் குட்டை மேசை. நடுவில் ஒரு பள்ளத்தில் கங்கு.

"செருப்பைக் கழட்டச் சொல்றாக, தரையில உக்காரச் சொல்றாக. முறை தெரிஞ்சவுகதான்" என்றார் ராஜபாண்டி. அடுத்த நிமிஷம் அவருக்கு முன்னால் சுருட்டிய ஈரத்துணி ஒன்று வந்தது. கையைத் துடைப்பதற்காம். தேள் கொட்டின மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து சூரியபிரகாஷ் வந்தான். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் வியர்வை, மூக்கின் நுனியில் மிளகாய்ப்பொடி. "வாங்கத்தை. வாங்க மாமா."

"அத்தைன்னு கூப்பிட இன்னும் நாளு கெடக்கு தம்பி" என்றார் ராஜபாண்டி.

"சரிங்க மாமா."

"ஏலே, என்னைய மட்டும் கூப்பிடலாமா?"

மலையம்மாள் சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவன் உள்ளே போனதும் தட்டுகள் வரத் தொடங்கின. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு. உள்ளங்கை அளவுக் கிண்ணங்களில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பன்னிரண்டு வெஞ்சனம். ராஜபாண்டி சோற்றைத் தேடினார். அது ஒரு மூலையில் மூடி போட்ட கிண்ணத்தில், கோழிக்குஞ்சு தீனி அளவில் இருந்தது.

"நாம ஒன்னும் கேக்கலையே. கேக்காம இம்புட்டு வைக்கிறாகன்னா என்ன அர்த்தம்? விருந்து. நம்மளை மடக்கப் பாக்குறாக, மலையா."

"இங்க எல்லாருக்கும் இப்படித்தான் வைக்கிறாக, அங்கிட்டுப் பாரு."

பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் பன்னிரண்டு கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தது. "அவுகளுக்கும் பொண்ணு இருக்கோ என்னமோ" என்று ராஜபாண்டி முணுமுணுத்தார்.

மலையம்மாள் ஒவ்வொரு கிண்ணத்தையும் கையால் தொடாமல், குனிந்து குனிந்து முகர்ந்தாள். "இது முளைகட்டுன பயறு, நல்லெண்ணெய் விட்டிருக்கு. இது நெத்திலிக் கருவாடு... அண்ணே, நெத்திலிக்குச் சீனி போட்டிருக்காக!"

"சீனியா? நெத்திலிக்கா? கிறுக்குப் புடிச்ச நாடா இருக்கும் போல."

"இந்தக் கருப்புக் காகிதம் கடல்ல வெளையுற பாசி." சிவப்பாக இருந்த கிண்ணத்தின் முன்னால் வந்ததும் அவள் பேச்சு நின்றது. முட்டைக்கோசு, வத்தல், பூண்டு, இஞ்சி, கொஞ்சம் மீன். எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் மூடி போட்டுக் கிடந்து புளித்திருக்கிறது. பேர் தெரியாமல் ஆறு மாதம் அவளை அலைக்கழித்தது இதுதான்.

அதற்குள் கங்கின் மேல் கம்பி வலை போட்டுக் கோழிக்கறியைப் பரப்பினார்கள். கூடவே ஒரு கூடையில் கழுவின பச்சைக் கீரை இலைகள், ஒவ்வொன்றும் கை அகலம். ராஜபாண்டிக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்தது. ஒரு இலையை எடுத்தார், நுனி இடது பக்கமாக வரும்படி முன்னால் விரித்தார், டம்ளரிலிருந்து தண்ணீர் தெளித்துத் துடைத்தார், அதன் மேல் எதை வைப்பது என்று யோசித்தார்.

"வாழையிலை இங்கன வெளையாது போல. பாவம், இம்புட்டுக்கூண்டு இலையிலதான் அவுக சாப்பாடே."

"நீ கை நனைக்க மாட்டேன்னியே?"

"எலை போட்டா நனைச்சதாயிருமா? சும்மா போட்டு வச்சிருக்கேன்."

கறி சுருண்டு, கொழுப்பு சொட்டி, கங்கு சீறியது. ராஜபாண்டியின் சட்டம் மெல்ல இளகத் தொடங்கியது. அவர் பார்வை, எடுத்துச் சாப்பிடுவதற்காகத் தட்டோரம் வைத்திருந்த இரண்டு குச்சிகள் மேல் விழுந்தது. "மலையா, ஒரு ஞாயம் கேளு. இதால எடுத்துத் தின்னா கை எங்க நனையுது? குச்சிதானே நனையுது."

"நம்ம அப்பா அன்னைக்குக் கரண்டியால தின்னுருந்தா என்னைய விட்டுருப்பாகளா?"

ராஜபாண்டி குச்சியால் ஒரு துண்டைப் பிடிக்கப் பார்த்தார். அது தாவிப் போய் வெள்ளைக்காரரின் சோடாவில் விழுந்தது. இன்னொரு துண்டு காகித விளக்குக்குள் போனது. இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. மலையம்மாள் அதே குச்சியை வாங்கி, தட்டிலிருந்து சொத்தை ஏலக்காயைப் பொறுக்குகிற லாகவத்தில், ஒற்றைப் பயறு ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டு, அதைத் திரும்பக் கிண்ணத்திலேயே வைத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

இதையெல்லாம் அடுப்படிக் கதவு மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சூரியபிரகாஷ் தயங்கித் தயங்கி வந்தான். "அத்... நீங்க ஒன்னும் சாப்பிட வேண்டாம். முறை எனக்கும் தெரியும், நானும் தேவதானப்பட்டிக்காரன்தானே. ஆனா நீங்க மோந்து பாத்தே எல்லாத்தையும் சொல்லிட்டீகளாமே. அக்கா ஒருத்தி தட்டு வைக்கும்போது கேட்டுட்டு வந்து சொன்னாக. உள்ள ஒரு ஜாடி இருக்கு. வந்து பாக்குறீகளா? ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல."

ராஜபாண்டி கண்ணால் வேண்டாம் என்றார். மலையம்மாள் அதற்குள் எழுந்து பாதி தூரம் போயிருந்தாள்.

அடுப்படியில் இடுப்பளவு ஜாடிகள். அவன் ஒன்றின் மூடியைத் திறந்தான். "கிம்ச்சின்னு பேரு. எல்லாம் அதே அளவுதான் போடுறேன். போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு, மேசைக்கு இன்னும் அந்தப் பழைய ஜாடியிலருந்துதான் வைக்கிறோம். இப்பம் மூணாம் நாளே கசக்குது, கோசும் தொவண்டு போகுது. கோசு மாத்திப் பாத்துட்டேன். வத்தலைக் கம்பத்துல வாங்கிப் பாத்தேன், தேனியில வாங்கிப் பாத்தேன். தண்ணியைக் கூட மாத்திட்டேன். ஓனரம்மா விடுடாங்குது. எனக்கு விட முடியல. ஏன் கசக்குது அத்தை?"

அவன் கேட்ட விதம் மலையம்மாளை நிறுத்தியது. அவளுக்குப் பழக்கமான கேள்வி அது. ஆனால் இதுவரை அது அவள் வாயிலிருந்து மட்டும்தான் வந்து பார்த்திருக்கிறாள்.

ஜாடிக்குள் குனிந்தாள். பூண்டு நல்ல பூண்டு. இஞ்சி இளசு. வத்தல் நெடி சரி. மீன் சரி. எதிலும் குற்றமில்லை. மறுபடி குனிந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் மூக்கு கையை விரித்தது. இதில் வாசமே இல்லாத ஒரு பொருள்தான் கோளாறு செய்கிறது. அதை மூக்கு கண்டுபிடிக்காது. நாக்குதான் சொல்லவேண்டும்.

முந்தானைக்குள்ளிருந்து கை தானாக வெளியே வந்தது. விரல் ஜாடியின் விளிம்பு வரைக்கும் போனது.

"மலையா!" என்று அடுப்படி வாசலிலிருந்து ராஜபாண்டி.

விரல் நின்றது. ஒரு குழம்பு வாசத்துக்காக அவளை எழுதிக் கொடுத்த அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அவருக்காவது பசி. இவளுக்கு வெறும் ஆவல்.

"இருங்க தம்பி, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்து வெளியே போனாள். செல்போனில் சிக்னல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பலா மரத்தடியில் ஒரு கோடு கிடைத்தது.

"நதியா, நான்தான். இந்தப் பையன் ஒரு ஜாடியைக் காட்டி ஏன் கசக்குதுன்னு கேக்குறான்டி."

அந்தப் பக்கம் நதியா சிரித்தாள். "அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் கேட்டாரும்மா. காப்பியில என்ன சேத்திருக்கீகன்னு. சுக்கும் ஏலத்தோலும்னு சொன்னேன். ஏலத்தோலான்னு டம்ளரைத் திருப்பி மோந்து பாத்துட்டு, ஆறிப்போன மிச்சத்தையும் குடிச்சாரு. நீ அடுப்படியில இருந்த."

"ஏண்டி இதை எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலையே. ஊருல எல்லா வீட்டுச் சட்டியையும் விசாரிப்ப. எனக்குப் புடிச்சிருக்கான்னு நீ ஒருதரம் கூடக் கேக்கல."

மலையம்மாள் செல்போனை மறு காதுக்கு மாற்றினாள். "சரி, இப்பம் கேக்குறேன். உனக்குப் புடிச்சிருக்கா? நான் கை நனைக்கட்டுமா?"

நதியா மறுபடி சிரித்தாள். பிறகு, "நனைச்சுக்கம்மா. வரும்போது எனக்கும் கொஞ்சம் வாங்கிட்டு வா. அந்த வாசம் என்னன்னு ஆறு மாசமா நீ பொலம்பிக் கேட்டுக் கேட்டு, இப்பம் எனக்கும் தெரிஞ்சாகணும்."

மலையம்மாள் திரும்பி வந்தாள். குழாயில் கையைக் கழுவினாள். ஜாடிக்குள் விரலை விட்டு ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். அடுப்படியில் எண்ணெய் பொரிவது கூட நின்றது என்பார்கள்.

"உப்பு என்ன உப்பு?"

"பாக்கெட் உப்புத்தான் அத்தை. முன்னாடி ஓனரம்மா ஊர்லருந்து கொண்டாந்தது இருந்துச்சு. போன மாசம் தீந்துபோச்சு."

"பொடி உப்பு! ஊறுகாய்க்கு எவனாவது பொடி உப்புப் போடுவானா? கசக்காம என்ன செய்யும்? கூடலூர் சந்தையில கல்லுப்பு வாங்கிப் போடுங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்கிற வார்த்தை விழுந்ததை முதலில் கவனித்தவர் ராஜபாண்டிதான். உப்பு டப்பாவை எடுத்து வெறித்துக்கொண்டிருந்த சூரியபிரகாஷ் கவனிக்கவே இல்லை. "உப்பா... சே, உப்பு!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

மேசைக்குத் திரும்பியபோது கறி பதமாக இருந்தது. ராஜபாண்டி விரித்து வைத்திருந்த இலையை, பின்னாலேயே வந்த சூரியபிரகாஷ் பார்த்தான். "மாமா, அதுல வச்சுச் சாப்பிடக் கூடாது. அதையும் சேத்துச் சாப்பிடணும். கறி, பூண்டு, கொஞ்சம் விழுது, எல்லாத்தையும் உள்ள வச்சு மடிச்சு, ஒரே வாயில போட்டுறணும். கடிச்சுத் தின்னா மரியாதை இல்ல."

"நம்ம ஊருல சாப்பிட்டு முடிச்சாத்தானடா எலையை மடிப்போம்?"

"இங்க மடிச்சாத்தான் மாமா சாப்பாடே ஆரம்பிக்கும்."

மலையம்மாள் இருக்கிறதிலேயே பெரிய இலையாகப் பார்த்து எடுத்தாள். இரண்டு துண்டு கறி, சுட்ட பூண்டு, சிவப்பு விழுது, ஆறு மாதம் காக்கவைத்த கிம்ச்சி, சீனி போட்ட நெத்திலி ஒன்று. வெற்றிலை மாதிரி மடித்து, கன்னம் இரண்டும் புடைக்க உள்ளே தள்ளினாள்.

"மலையா, தாய்மாமன் கேக்குறேன், உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிரு. சம்மதந்தானா?"

அவளால் எப்படிச் சொல்லமுடியும்? கண்ணில் தண்ணீர், மிளகாயாலா வேறு எதனாலா தெரியவில்லை. வாய் மென்றுகொண்டே இருந்தது. மூக்கு சிவந்திருந்தது. அவள் வலது கையை மட்டும் தூக்கி அண்ணன் முகத்துக்கு நேராகக் காட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பாக நனைந்து, விழுது முழங்கையை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.

ராஜபாண்டி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கூடையிலிருந்து இலை எடுத்தார்.